பள்ளிக்கூடம் மறுபடி திறக்கிறது: தலைமை ஆசிரியருக்கான முழுமையான வழிகாட்டி

கொரோனா காலத்தில் தமிழ்நாட்டுப் பள்ளிகள் ஒரே நாளில் மூடி ஒரே நாளில் திறக்கவில்லை. 2020 மார்ச்சில் விழுந்த பூட்டு, 2021 ஜனவரி 19 அன்று 10, 12ஆம் வகுப்புகளுக்கு மட்டும் திறந்தது. பிப்ரவரி 8 அன்று 9, 11 வந்தார்கள். மார்ச்சில் 9, 10, 11ஆம் வகுப்புகளுக்கு மறுபடி பூட்டு. இரண்டாம் அலை ஓய்ந்தபின் செப்டம்பர் 1 அன்று 9 முதல் 12 வரை, நவம்பர் 1 அன்று 1 முதல் 8 வரை. 2022 ஜனவரியில் ஒமைக்ரானுக்காக இன்னொரு முறை மூடி, பிப்ரவரி 1 அன்று திறந்தார்கள். 2020இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் சேர்த்த பிள்ளை, தன் வகுப்பறையை முதன்முதலாகப் பார்த்தது இரண்டாம் வகுப்பில், தீபாவளிக்கு மூன்று நாள் முந்தைய அந்தத் திங்கட்கிழமையில்.

அந்தத் திறப்புகளுக்கு வந்த சுற்றறிக்கைகளில் பெரும்பகுதி கை கழுவுவது, வெப்பமானி, கிருமிநாசினி பற்றியது. அவை வேண்டியவைதான். ஆனால் நோய் அடங்கிப் பள்ளிகள் முழுநேரம் நடந்துகொண்டிருந்த 2023 மார்ச் 13 அன்று, பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்த் தேர்வுக்கு ஏறக்குறைய 50 ஆயிரம் பேர் வரவில்லை. தேர்வே எழுதாமல் 2021இல் பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெற்ற அணி அது. பலர் பதிவேட்டில் மட்டும் இருந்தார்கள், பள்ளியில் இல்லை. அதனால் இந்த வழிகாட்டியில் கிருமிநாசினியைப் பின்னால் தள்ளிவிட்டுப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை முன்னால் வைத்திருக்கிறேன். கிராமத்து அரசு நடுநிலைப் பள்ளியை மனதில் வைத்து எழுதியது. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் தங்கள் அளவுக்குக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

படி 1: உத்தரவுக்கு முன்பே உட்காருங்கள்

திறக்கும் தேதி கடைசி நேரத்தில்தான் வரும். "ஆர்டர் வரட்டும், பார்க்கலாம்" என்று இருந்தால் கழிவறையைக் கழுவுவதற்குக்கூட நேரம் இருக்காது. திறக்கப் போகிறார்கள் என்ற பேச்சு செய்தித்தாளில் அடிபடத் தொடங்கியதும் ஒரு சிறு குழுவைக் கூட்டிவிடுங்கள்: இரண்டு ஆசிரியர்கள், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர், கிராம சுகாதார செவிலியர், வார்டு உறுப்பினர், சத்துணவு அமைப்பாளர். தூய்மைப் பணியாளரையும் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். எந்தக் கழிவறையில் தண்ணீர் ஏறாது, எந்த அறையில் மழைக்கு ஒழுகும் என்பது ஹெச்.எம்.மைவிட அவருக்குத்தான் தெரியும்.

முதல் கூட்டத்தில் ஒரு தாளில் இரண்டு பத்தி போதும். பள்ளியே முடிவு செய்யக்கூடியவை ஒருபுறம்: எந்த வகுப்புக்கு எந்த அறை, எந்த அணி எந்த நாள், உணவு இடைவேளை நேரம், யார் எந்தத் தெருவுக்குப் போவது. கல்வித் துறையும் சுகாதாரத் துறையும் சொல்ல வேண்டியவை மறுபுறம்: திறக்கும் தேதி, பாடத்திட்டக் குறைப்பு, தனிமைப்படுத்தும் விதி, தடுப்பூசி. முதல் பத்தியில் உள்ளவற்றுக்கு மேலிடத்தின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டாம். வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஒரு தகவல் கடிதம் கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

படி 2: ஒவ்வொரு பிள்ளையும் இப்போது எங்கே?

மொத்தத் திட்டத்தில் அதிக நேரம் பிடிக்கும் வேலை இது. மற்றவற்றில் குறை வைத்தாலும் இதில் வைக்காதீர்கள்.

கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவான எமிஸிலிருந்து வகுப்புவாரிப் பட்டியலை அச்செடுத்து வகுப்பாசிரியர் கையில் கொடுங்கள். ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் அவர் எழுத வேண்டியது: கடைசியாக நேரில் பார்த்தது யார், எப்போது, இப்போது எந்த ஊரில், யார் வீட்டில், பகல் முழுதும் என்ன செய்கிறது. "வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறான்" என்பதை நேரில் பார்த்ததாகக் கணக்கு எழுத விடாதீர்கள். குரூப்பில் இருப்பது அப்பாவின் போன். அது காலை ஏழு மணிக்கு அவரோடு வேலைக்குப் போய்விடும். பாதி எண்கள் மாறியும் இருக்கும்.

தொலைந்த பிள்ளையைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி, மற்ற பிள்ளைகளைக் கேட்பதுதான். பெரியவர்கள் மழுப்புவார்கள், பசங்க மழுப்ப மாட்டார்கள். "கார்த்தி எங்கடா?" என்றால், "அவன் திருப்பூர் போயிட்டான் சார், அவங்க மாமாகூட பனியன் கம்பெனிக்கு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். அடுத்து, நூறு நாள் வேலை நடக்கும் இடம். அம்மாக்கள் மொத்தமாகக் கிடைப்பது அங்கேதான். ரேஷன் கடை, பால் சொசைட்டி, அங்கன்வாடி என்று வரிசையாக விசாரித்தால் பட்டியலின் பெரும்பகுதி இரண்டு மூன்று நாளில் நிரம்பிவிடும்.

நிரம்பியபின் பெயர்களை மூன்றாகப் பிரியுங்கள். திறந்தால் தானாக வருவார்கள் என்பவர்களுக்கு ஒரு செய்தி போதும். தயங்குகிறவர்கள் வீட்டுக்கு ஒரு முறை போக வேண்டும். வேலைக்குப் போய்விட்டவர்கள், ஊர் மாறியவர்கள், கல்யாணப் பேச்சு நடக்கும் பெண்பிள்ளைகள் மூன்றாவது வகை. ஆள் பலத்தை இந்த மூன்றாவது வகைக்குச் செலவிடுங்கள்.

வீட்டுக்குப் போவதற்கும் ஒரு முறை உண்டு. மாலை ஆறரைக்கு மேல் போங்கள். அதற்கு முன் பெரியவர்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள். ஓர் ஆசிரியையும், அதே தெருவைச் சேர்ந்த மேலாண்மைக் குழு உறுப்பினரான ஓர் அம்மாவும் சேர்ந்து போவது நல்லது. நாலைந்து பேராகப் போனால் ரெய்டு வந்த மாதிரி இருக்கும். போட்டோ எடுத்துக் குரூப்பில் போடும் வழக்கத்தைத் தயவுசெய்து இந்த வேலையில் விட்டுவிடுங்கள். பிள்ளையை வேலைக்கு அனுப்பிய வீட்டு வாசலில் நின்று செல்ஃபி எடுத்துவிட்டு வந்தால், அடுத்த முறை கதவு திறக்காது.

பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

"வாங்க டீச்சர். அவன் இப்ப கோழிக்கடையில நிக்கிறான். தினம் இருநூறு குடுக்குறாங்க."

"நல்லா இருக்கீங்களாக்கா? முன்பணம் ஏதும் வாங்கியிருக்கீங்களா?"

"ஆமா டீச்சர். இவங்க அப்பா ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்கினது. இன்னும் கழியல."

இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. முன்பணம் இருந்தால் "படிப்பு முக்கியம்" என்று எத்தனை முறை சொன்னாலும் பயன் இருக்காது. எவ்வளவு, யாரிடம், எப்போது கழியும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மேலாண்மைக் குழு வழியாகக் கடைக்காரரிடம் பேசலாம். சொந்த ஊர்க்காரராக இருந்தால் பல நேரம் பேச்சிலேயே முடியும். 14 வயதுக்குக் கீழே எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது, 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில்களில் கூடாது என்பது 2016இல் திருத்தப்பட்ட சட்டம். அதை எடுத்த எடுப்பில் நீட்டாதீர்கள். ஆனால் இருக்கிறது என்பதைக் கடைக்காரருக்குத் தெரியப்படுத்துங்கள். பேச்சுக்கு மசியாத இடத்தில் குழந்தைகள் உதவி எண் 1098.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் வேறு வகைக் கவனம் வேண்டும். "அக்கா வீட்டுக்குப் போயிருக்கா" என்ற பதில் ஒரு முறை வந்தால் சரி. இரண்டாவது முறை போகும்போதும் அதே பதில் என்றால், அந்தப் பெண்ணை யாராவது நேரில் பார்த்தே ஆக வேண்டும். கிராம சுகாதார செவிலியர் போவதற்கு யாரும் தடை சொல்ல மாட்டார்கள். கல்யாண ஏற்பாடு என்று தெரிந்தால் காத்திருக்காமல் 1098க்குச் சொல்லுங்கள். சொன்னவர் பெயர் வெளியே வராது. ஊரோடு உறவு கெடுமே என்று தயங்குகிற ஆசிரியர்களுக்குப் பதிலாக ஹெச்.எம். பேசலாம்.

இந்த வீட்டுச் சுற்றிலேயே இன்னும் சில விஷயங்கள் கண்ணில் படும். தாயையோ தந்தையையோ கொரோனாவில் இழந்த பிள்ளைகளுக்கு 2021 மே மாதம் தமிழக அரசு உதவி அறிவித்தது: இருவரையும் இழந்தவருக்கு 5 லட்சம் ரூபாய் வைப்புத் தொகை, ஒருவரை இழந்தவர் குடும்பத்துக்கு 3 லட்சம். இப்படி அறிவிக்கப்படும் உதவிகள் பல வீடுகளில் ஒரு சான்றிதழ் இல்லாததால் நின்றுபோகும். எந்தச் சான்றிதழ் என்று கேட்டுப் பட்டியலிலேயே குறியுங்கள். மாற்றுத்திறன் பிள்ளைகள் பெயரைச் சிறப்பாசிரியரிடம் தனியாகக் கொடுங்கள். தனியார் பள்ளியில் கட்டணம் கட்ட முடியாமல் உங்களிடம் வர நினைக்கிறவர்கள் டி.சி. இல்லை என்று தயங்குவார்கள். எட்டாம் வகுப்பு வரை டி.சி. தாமதம் என்பதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. சேர்த்துக்கொண்டு பிறகு வாங்கலாம்.

படி 3: கட்டடம்

மாதக்கணக்கில் ஆள் நடமாட்டம் இல்லாத கட்டடம் நீங்கள் பூட்டிவிட்டுப் போன அதே கட்டடம் அல்ல என்று எண்ணிக்கொண்டு சுற்றிப் பாருங்கள். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன்பிறகுதான் மாநிலம் முழுவதும் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கத் தொடங்கினார்கள். நோய்க்குப் பயந்து மூடிய பள்ளியில் சுவர் விழுந்து பிள்ளை சாவதை எந்த விளக்கத்தாலும் சரிக்கட்ட முடியாது.

வகுப்பறையை விட்டுவிட்டுக் கழிவறை, சுற்றுச்சுவர், சைக்கிள் நிறுத்தம், சமையலறைப் புகைபோக்கி என்று ஓரங்களிலிருந்து தொடங்குங்கள். கழிவுநீர்த் தொட்டியின் மூடி காலால் மிதித்தால் ஆடுகிறதா? கிணறு இருந்தால் கம்பிவலை இருக்கிறதா? மின் பெட்டியில் எறும்புக் கூடு, எலி கடித்த வயர் இருக்கும். மின்பணியாளர் பார்க்கும் வரை மெயின் சுவிட்சைப் போடாதீர்கள். குவித்து வைத்த உடைந்த பெஞ்சுகளுக்கு அடியில் பாம்பு இருக்க வாய்ப்பு அதிகம். அதை அள்ள மாணவர்களை ஏவாதீர்கள். சந்தேகமான சுவரைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டு, பொறியாளர் வந்து பார்க்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்த் தொட்டியை முழுதாக வடித்து, தேய்த்துக் கழுவி, காயவிட்டு நிரப்புங்கள். 1000 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டிக்கு நல்ல தரமான ப்ளீச்சிங் பவுடர் 2.5 கிராம் போதும். பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டக் கூடாது. ஒரு வாளியில் சிறிது தண்ணீர் விட்டுக் குழைத்து, மேலும் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேலே உள்ள தெளிநீரை மட்டும் ஊற்ற வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துத்தான் குழாயைத் திறக்க வேண்டும். கழிவறைத் தரைக்கு வேறு கணக்கு: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம். இரண்டையும் மாற்றிவிடாமல் இருக்க, அளவை எண்ணெய்ப் பெயின்டால் பவுடர் டப்பா மேலேயே எழுதிவிடுங்கள். எந்தக் கிருமிநாசினியையும் பிள்ளைகள் மேல் தெளிக்கக் கூடாது. 2020இல் வெளியூரிலிருந்து திரும்பிய தொழிலாளர்கள் மேல் பீய்ச்சியடித்த கொடுமையை நாம் பார்த்தோம்.

பெண்பிள்ளைகள் கழிவறையில் தாழ்ப்பாள், வாளி, குவளை, மூடியுள்ள குப்பைக்கூடை. புதுயுகம் திட்ட நாப்கின் இருப்பைச் செவிலியரிடம் கேட்டு வாங்கி வையுங்கள்.

படி 4: அறைக் கணக்கு

2021 விதிகளில் ஒரு வகுப்பறைக்கு 20 பேர் என்று வரம்பு வைத்தார்கள். அடுத்த முறை எண் மாறலாம். கணக்குப் போடும் முறை மாறாது. உதாரணத்துக்கு 190 பிள்ளைகள், 6 அறைகள் உள்ள பள்ளி. ஒரு நேரத்தில் 120 பேர்தான். உடனே எல்லோரையும் இரண்டாகப் பிரித்து ஒருநாள் விட்டு ஒருநாள் என்று வைத்துவிடத் தோன்றும். அது எளிது; ஆனால் சிறு பிள்ளைகளுக்கு அநியாயம். 1 முதல் 3 வரை 60 பேர் இருந்தால் அவர்களுக்கு மூன்று அறைகளைக் கொடுத்து, தினமும் வரச் சொல்லுங்கள். வீட்டில் தானாக உட்கார்ந்து படிக்க முடியாதவர்கள் அவர்கள். 4 முதல் 8 வரையுள்ள 130 பேர் இரண்டு அணியாக, நாளுக்கு 65 பேர். மூன்று அறையில் 60 பேர் போக மீதி 5 பேருக்கு வராந்தாவில் பாய் போட்டால் முடிந்தது.

அணி பிரிக்கும்போது வருகை எண்ணை வைத்து ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரிக்காதீர்கள். ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஒரே நாள் வர வேண்டும். ஒரே பஸ்ஸில், ஒரே ஆட்டோவில் வருகிறவர்களும் அப்படியே. அண்ணன் திங்கள், தங்கை செவ்வாய் என்று போட்டால், வேலைக்குப் போகும் அம்மா இருவரையும் நிறுத்திவிடுவார். வீடுவாரியாகப் பிரித்தால் நோய் பரவும் வட்டமும் சிறியதாகிறது.

படி 5: காற்று, முகக்கவசம், காய்ச்சல்

கொரோனா முக்கியமாகக் காற்று வழியாகப் பரவிய நோய். ஆனால் பல பள்ளிகளில் அதிக உழைப்பு பெஞ்சைத் துடைப்பதில்தான் போனது. எதிரெதிர்ச் சுவர்களில் உள்ள ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும். ஆணி அடித்து மூடிய ஜன்னலைப் பிரித்து, கொசுவலை வேண்டுமானால் அடியுங்கள். மேல் காற்றுத் துவாரங்களில் அட்டை சொருகியிருந்தால் எடுங்கள். காலை வழிபாட்டுக் கூட்டம் திறந்த வெளியில் நடந்தால் ஆபத்து குறைவு. மூடிய ஹாலில் வேண்டாம். வேப்பமரம் இருக்கும் பள்ளிக்கு ஏழாவது அறை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கிருமி தண்ணீரிலோ கொசுவிலோ பரவுவதாக இருந்தால் இந்த முன்னுரிமை மொத்தமும் மாறும். அதனால் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் முதல் நாளே "இது எப்படிப் பரவுகிறது?" என்று கேட்டுவிட்டுச் செலவு செய்யுங்கள்.

வாசலில் வெப்பமானி வைத்து நெற்றி நெற்றியாக நீட்டுவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. வெயிலில் நடந்து வந்த பிள்ளைக்கு ஏறித்தான் காட்டும். பாராசிட்டமால் போட்டு வந்த பிள்ளைக்குக் காட்டாது. அந்த வரிசையில் எல்லோரும் நெருக்கியடித்து நிற்பதுதான் மிச்சம். விதி சொன்னால் செய்யுங்கள். உண்மையான சோதனை, "காய்ச்சலோடு அனுப்பாதீர்கள், ஒருநாள் வராவிட்டால் யாரும் திட்ட மாட்டோம்" என்று பெற்றோரை நம்ப வைப்பதில் இருக்கிறது. முழு வருகைக்குப் பரிசு கொடுக்கும் வழக்கம் இருந்தால் அந்த ஆண்டு நிறுத்தி வையுங்கள்.

பள்ளியில் காய்ச்சல் கண்ட பிள்ளையை உட்கார வைக்க காற்றோட்டமான ஓர் இடம், கூடவே ஒரு பெரியவர், ஒரு கட்டில் அல்லது பாய். வீட்டுக்குத் தனியாக நடத்தி அனுப்பக் கூடாது. தொற்று உறுதியானால் வகுப்பில் பெயரைச் சொல்லாதீர்கள். பெற்றோருக்குச் செய்தி ஒரே வாயிலிருந்து, ஹெச்.எம். வழியாக மட்டும் போகட்டும். நாலு ஆசிரியர் நாலு விதமாகச் சொன்னால் மறுநாள் பாதிப் பள்ளி காலி.

படி 6: சாப்பாடு

மூடியிருந்த காலத்தில் சத்துணவுக்குப் பதிலாக அரிசி, பருப்பு, முட்டை என்று உலர் பொருளாகக் கொடுத்தார்கள். வீட்டுக்குப் போன அரிசி எல்லோருக்கும் பங்காகும். பள்ளியில் போடும் சோறு அந்தப் பிள்ளைக்கு மட்டும். அரை நாள் பள்ளி என்றாலும் சாப்பிட்டுவிட்டுப் போகும்படி நேரத்தை அமையுங்கள். சமையலறையின் பழைய அரிசியில் வண்டு, பருப்பில் பூஞ்சை பார்த்துக் கழித்துவிடுங்கள். இரண்டு மூன்று பந்தியாக, இடைவெளி விட்டுத் திறந்த இடத்தில் சாப்பிடட்டும். முகக்கவசம் கழற்றும் நேரம் அதுதான்.

படி 7: பெற்றோர் கூட்டம்

ஒரே பெரிய கூட்டம் வேண்டாம். தெருத் தெருவாக, கோயில் திண்ணையிலோ சமுதாயக் கூடத்து வாசலிலோ இருபது பேரைக் கூட்டி அரை மணி நேரம். பிள்ளைக்கு நோய் வந்தால் யார் பொறுப்பு என்றுதான் முதலில் கேட்பார்கள். "ஒன்றும் வராது" என்று சத்தியம் செய்யாதீர்கள். என்ன செய்திருக்கிறீர்கள், வந்தால் என்ன செய்வீர்கள் என்று சொல்லுங்கள். ஆசிரியர்கள், சமையலர்கள் அனைவரும் தடுப்பூசி போட்டுவிட்டார்களா என்பதற்கு ஒரே வரியில் பதில் வைத்திருங்கள். பஸ் பாஸ் வராத காலத்தில் சீருடையோ பழைய பாஸோ காட்டி அரசுப் பேருந்தில் வரலாம் என்று அரசு அறிவித்திருந்தால் அதையும் சொல்லுங்கள். சீருடை சின்னதாகிப் போனதால் பிள்ளையை அனுப்பாத வீடுகள் உண்டு. கலர் சட்டையில் வரலாம் என்ற ஒரு வாக்கியம் பத்துப் பிள்ளைகளைக் கொண்டுவரும்.

படி 8: முதல் இரண்டு வாரம்

பாடப் புத்தகத்தை முதல் நாளே திறக்க வேண்டாம். வீட்டில் சாவு பார்த்த பிள்ளைகள், அப்பாவின் குடியைப் பார்த்த பிள்ளைகள், ஒன்றரை வருடம் போனும் தாயக்கட்டமுமாக இருந்த பிள்ளைகள் எல்லோரும் அந்த அறையில் இருப்பார்கள். என்ன நடந்தது என்று எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். படம் வரையச் சொல்லுங்கள், கதை சொல்லுங்கள், பாட்டு, விளையாட்டு. பேச வேண்டிய பிள்ளை தானாக வந்து மேசை பக்கத்தில் நிற்கும்.

சின்ன வகுப்புகளில் பள்ளிக்கூடம் என்பதையே கற்றுத்தர வேண்டியிருக்கும். மணி அடித்தால் என்ன செய்வது, ஒண்ணுக்குப் போக எப்படிக் கேட்பது, கரும்பலகையைப் பார்த்து நோட்டில் எழுதுவது. இந்தக் கடைசி விஷயத்தை ஒரு நிமிடம் நின்று கவனியுங்கள். பழக்கம் விட்ட பிள்ளை ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு முறை தலையைத் தூக்கும்; பலகையில் விட்ட இடத்தைத் தேடும்; வரியைத் தவறவிடும். பார்வைக் கோளாறும் இப்போது பிடிபடும். அதைக் குறித்துவைத்து, பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள்.

ஆசிரியர்களையும் மறக்க வேண்டாம். வீட்டில் இழப்பைச் சந்தித்தவர்கள் அவர்களிலும் இருப்பார்கள். ஒருவர் தனிமைப்படுத்தப்பட்டால் யார் எந்த வகுப்பைப் பார்ப்பது என்ற மாற்று டைம் டேபிள் முதல் நாளே சுவரில் இருக்கட்டும்.

படி 9: யாருக்கு என்ன தெரியும்?

கிராமத்துப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் வீடு வீடாகப் பார்க்கும் ஏசர் ஆய்வின்படி, மூன்றாம் வகுப்பில் இருந்துகொண்டு இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் இந்திய அளவில் 2018இல் 27.3 சதவீதம், 2022இல் 20.5. தமிழ்நாட்டில் 10.2லிருந்து 4.8. நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. இந்த எண்ணை ஆசிரியர் அறையில் வாசித்துவிட்டுத் தேர்வு பற்றிப் பேசத் தொடங்குங்கள்.

எழுத்துத் தேர்வு வைக்காதீர்கள். அதில் பக்கத்து நோட்டுதான் தெரியும். ஓர் ஆசிரியர், ஒரு பிள்ளை, ஐந்து நிமிடம். ஓர் அட்டையில் எழுத்துகள், சொற்கள், நான்கு வரிப் பத்தி, ஒரு சிறுகதை. இன்னோர் அட்டையில் ஒற்றை இலக்க எண், ஈரிலக்க எண், கடன் வாங்கிக் கழித்தல், வகுத்தல். எங்கே நிற்கிறது என்று மட்டும் குறியுங்கள், திருத்த வேண்டாம்.

பிள்ளைகள் நம்மை ஏமாற்றுவதில் கெட்டிக்காரர்கள். பாடத்தை மனப்பாடமாகவே கடகடவென்று ஒப்பிப்பார்கள். விரலைப் பாருங்கள்: விரல் ஒரு வரியில் இருக்கும், வாய் வேறு வரியில் ஓடும். பத்தியின் நடுவிலிருந்து ஒரு சொல்லைத் தொட்டு "இது என்ன?" என்றால் உண்மை தெரிந்துவிடும். படத்தைக் கையால் மூடிவிட்டு 'அணில்' என்பதைப் படிக்கச் சொல்லுங்கள். க, கா, கி, கீ என்று வரிசையாகச் சொல்லும் பிள்ளை 'முறுக்கு' என்பதில் நின்றுவிடும். உகர, ஊகார வரிசையில்தான் குறியீடு எழுத்துக்கு எழுத்து மாறுகிறது: கு, சு, நு, மு, று. கொ, கோ போன்ற இருபுறக் குறியீடு அடுத்த இடறல். இவற்றைத் தனித்தனியாகக் குறித்தால் அடுத்த மாதம் எதைக் கற்பிப்பது என்பது தானாகக் கிடைக்கும்.

பிறகு தினமும் ஒரு மணி நேரம், 3 முதல் 5 வரையுள்ள பிள்ளைகளை வகுப்பைக் கலைத்து நிலைவாரியாக உட்கார வையுங்கள். ஐந்தாம் வகுப்புப் பையன் எழுத்து நிலையில் இருந்தால் அந்தக் குழுவில்தான். 2022 ஜூன் 13 அன்று 1 முதல் 3 வகுப்புகளுக்குத் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' இதைத்தான் அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று நிலைகளாகச் செய்தது. பெரிய பையன் சின்னப் பிள்ளைகளோடு உட்காரக் கூச்சப்படுவான். அட்டை எடுத்துக் கொடுப்பது, வருகை குறிப்பது என்று ஒரு பொறுப்பைக் கொடுத்தால் உட்கார்ந்துவிடுவான். ஆறு வாரத்துக்கு ஒரு முறை அதே அட்டையால் பார்த்து, முன்னேறியவர்களை அடுத்த குழுவுக்கு மாற்றுங்கள். மாற்றாவிட்டால் குழு நிரந்தர முத்திரையாகிவிடும்.

உயர் வகுப்புகளுக்குத் துறை தரும் புத்தாக்கப் பயிற்சிக் கட்டகத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எட்டாம் வகுப்பில் கூட்டிப் படிக்கத் தெரியாத நாலு பேருக்குக் கட்டகமும் உதவாது. அவர்களுக்கு மேற்சொன்ன அட்டைதான்.

மாலை நேரத்துக்கு ஊரில் ஆள் உண்டா என்று பாருங்கள். 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் அருகே தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யில் உள்ளூர்ப் பெண்களே பெரும்பாலும் தன்னார்வலர்களாக இருந்தார்கள். அந்த மையத்துக்கு உங்கள் நிலைப் பட்டியலின் நகல் போக வேண்டும். காலையில் பள்ளியில் எழுத்து, மாலையில் அங்கே ஐந்தாம் வகுப்புப் பாடம் என்று இருந்தால் இரண்டும் வீண்.

படி 10: வாராவாரம் வெள்ளிக்கிழமை

திறந்த ஒரு மாதத்தில் உற்சாகம் வடிந்து வருகை குறையத் தொடங்கும். வெள்ளி மாலை பதினைந்து நிமிடம் வகுப்பாசிரியர்கள் கூடி, அந்த வாரம் மூன்று நாளுக்கு மேல் வராதவர்கள் பெயரை மட்டும் வாசிக்கட்டும். ஒவ்வொரு பெயருக்கும் திங்களுக்குள் யார் போவது என்று எழுதுங்கள். நெல் அறுவடை, திருவிழா, தீபாவளிக்கு முந்தைய பட்டாசு, துணிக்கடை வேலை என்று உங்கள் ஊருக்கு ஏற்ற ஆபத்துக் காலங்களை நாள்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். வராத பிள்ளைக்கு எமிஸில் 'வந்தார்' என்று போடும் கருணை வேண்டாம். 2023 பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் நாம் பார்த்தது அந்தக் கருணையின் விளைவையும் சேர்த்துத்தான்.

படி 11: மறுபடி மூடினால்

2022 ஜனவரியில் நடந்த மாதிரி, திறந்த பள்ளி சில மாதத்திலேயே மறுபடி மூடலாம். திறந்த முதல் மாதத்திலேயே அதற்குத் தயாராகுங்கள். நேரில் அழைத்துச் சரிபார்த்த போன் எண்கள், எந்தத் தெரு எந்த ஆசிரியர் பொறுப்பு என்ற பட்டியல், ஒவ்வொரு நிலைக்கும் இரண்டு வாரத்துக்கான பயிற்சித் தாள்கள் கட்டாக அலமாரியில் இருக்கட்டும். கல்வித் தொலைக்காட்சி எந்த வீட்டில் தெரிகிறது, எந்த வீட்டில் டிவியே இல்லை என்பதும் பட்டியலில் ஒரு பத்தி. மூடும் அறிவிப்பு வந்தால் அன்று மாலை மூன்று மணிக்குள் ஒவ்வொரு பிள்ளையும் பாடநூல், ஒரு புது நோட்டு, தாள் கட்டு, இரண்டு கதைப் புத்தகம் எடுத்துக்கொண்டுதான் வாசலைத் தாண்ட வேண்டும்.

நூலகப் புத்தகத்தைக் கொடுக்கத்தான் பலர் தயங்குவார்கள். தொலைந்தால் தணிக்கையில் கேட்பார்களே என்று. கடந்த முறை பூட்டிய அலமாரிகளில் கரையான் தின்ற புத்தகங்களுக்கும் கணக்கு எழுதத்தான் வேண்டியிருந்தது. மேலாண்மைக் குழுவில் ஒரு தீர்மானம் போட்டு, வழங்கல் பதிவேட்டில் பிள்ளையிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தணிக்கைக்கு அது போதும்.